2500 கார் கட்டினால்தான் ஒரு கார் ஓடலாம்: லான்சர் எவல்யூஷனின் ராலி வரலாறு

மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 1992 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் ஆறாவது வடிவம் 1999 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆறேகால் ஆண்டுக்குள் ஆறு கார்கள். இவ்வளவு அவசரமாக ஒரு கம்பெனி ஒரே காரைத் திரும்பத் திரும்பச் செதுக்கியதற்கு ஷோரூமுக்கு வரும் சாதாரண வாடிக்கையாளர் காரணம் இல்லை. காரணம் ஒரு விதி. பந்தயத்தில் ஓட்ட நினைக்கும் காரை முதலில் ஆயிரக்கணக்கில் கட்டிக் கடையில் வைக்க வேண்டும் என்ற விதி.

எவோ என்று செல்லமாக அழைக்கப்படும் இந்தக் காரின் பந்தய வரலாற்றைப் பலரும் பின்லாந்து ஓட்டுநர் டோமி மேக்கினனின் நான்கு உலகப் பட்டங்களாகச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் எனக்கு இது அந்த விதியின் கதையாகவே தெரிகிறது. விதிதான் இந்தக் காரைப் பெற்றெடுத்தது. மற்ற கம்பெனிகள் அதை விட்டு விலகிய பிறகும் மிட்சுபிஷி மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தது. கடைசியில் அதுவும் கையை விட்டது. விட்ட பிறகு உலக ராலியில் மிட்சுபிஷி ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.

ராலி பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் கார்கள் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டு ஒரே தடத்தைச் சுற்றி வருவதில்லை. பொதுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, காட்டுப் பாதையிலோ மலைச்சாலையிலோ ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். அந்தத் துண்டுக்கு ஸ்டேஜ் என்று பெயர். எல்லா ஸ்டேஜ் நேரங்களையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. ஓட்டுநருக்குப் பக்கத்தில் கோ-டிரைவர் உட்கார்ந்து, அடுத்து எந்தப் பக்கம் வளைவு, எவ்வளவு கூர்மை என்று முன்பே எழுதிவைத்த குறிப்பை வாசித்துக்கொண்டே வருவார். ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்ததற்குப் போகும்போது அதே கார் லாரி, பஸ்களுக்கு நடுவே சாதாரண சாலையில் போக வேண்டும். நம்பர் பிளேட் வேண்டும், விளக்கு எரிய வேண்டும், போலீஸ் கைகாட்டினால் நிற்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1998இல் அது ஒரு பட்டத்தின் கதையில் வருகிறது.

கென்யாவில் தொடங்கியது

எவோவுக்கு இருபது ஆண்டு முன்பே லான்சர் ராலிக்கு வந்துவிட்டது. 1973இல் அறிமுகமான லான்சர் 1600 ஜிஎஸ்ஆர் ஒரு சின்னக் கார். 1600 சிசி எஞ்சின், பின்சக்கர இழுவை, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளிச் சக்தி கூட்டும் டர்போ கிடையாது. அதை வைத்துக்கொண்டு 1974ஆம் ஆண்டின் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் ஜோகிந்தர் சிங் ஜெயித்தார். இரண்டாவது வந்தது பியோர்ன் வால்டகார்ட் ஓட்டிய போர்ஷே 911.

ஜோகிந்தர் சிங் கென்யாவில் பிறந்த சீக்கியர், மெக்கானிக் தொழில் கற்றவர். 1965இலேயே தம்பி ஜஸ்வந்தைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பழைய வோல்வோவில் சஃபாரியை ஜெயித்தவர். அன்றைய சஃபாரி ஐந்தாறு ஆயிரம் கிலோமீட்டர் நீளும். ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி நடக்கும்; மழை பெய்தால் செம்மண் சேறாகிவிடும், பெய்யாவிட்டால் புழுதி. அங்கே வேகமான கார் ஜெயிப்பதைவிட உடையாத கார் ஜெயிப்பதுதான் அதிகம். உடைந்தாலும் வழியிலேயே சரிசெய்யத் தெரிந்த கை இன்னும் பெரிய சொத்து. 1976இல் அவர் மறுபடியும் லான்சரில் ஜெயித்தார். அந்த முறை முதல் மூன்று இடமும் லான்சருக்கே: ஜோகிந்தர் சிங், ராபின் யூலியட், ஆண்ட்ரூ கவன்.

மூன்றாவதாக வந்த இந்த ஆண்ட்ரூ கவன் ஸ்காட்லாந்துக்காரர். ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் ராலியை 1972 முதல் 1976 வரை தொடர்ந்து ஐந்து முறை மிட்சுபிஷி கார்களில் வென்றவர். பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டு இங்கிலாந்தில் மிட்சுபிஷியின் ராலிப் பிரிவான ராலிஆர்ட் ஐரோப்பா அணியை நடத்தினார். மேக்கினன் நான்கு பட்டம் வென்றபோது அணியின் தலைவர் இவர்தான். சஃபாரி சேற்றில் கார் எங்கே உடையும் என்று தன் கையால் தெரிந்துகொண்ட ஒருவர், 20 ஆண்டு கழித்து எவோவின் அணிக்குத் தலைவராக இருந்தார் என்பது இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் ஒரு இழை.

மரணங்களுக்குப் பிறகு வந்த விதி

1980களின் தொடக்கத்தில் ராலியின் உச்சப் பிரிவு குரூப் பி. வெறும் 200 கார் கட்டினால் போதும், கிட்டத்தட்ட எதையும் செய்துகொள்ளலாம். 500 குதிரைசக்தியை நெருங்கும் எடை குறைந்த கார்கள் காட்டுப் பாதையில் பறந்தன. 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். மே மாதம் கோர்சிகாவில் ஹென்ரி டொய்வொனனும் அவருடைய கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் பள்ளத்தில் விழுந்து எரிந்த லான்சியா காருக்குள்ளேயே உயிரிழந்தார்கள். அந்த ஆண்டோடு குரூப் பி முடிந்தது.

1987 முதல் குரூப் ஏ. ஒரே ஆண்டில் 5000 கார் கட்டியிருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் இது 2500 ஆகக் குறைந்தது. இப்படிக் கட்டிக் காட்டி அங்கீகாரம் வாங்குவதற்கு ஹோமோலொகேஷன் என்று பெயர். அங்கீகாரம் பெற்ற காரில் எஞ்சின் எந்தப் பக்கம் பார்க்கிறது, டர்போ எது, சஸ்பென்ஷன் எங்கே மாட்டியிருக்கிறது, பின் இறக்கை எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் ராலிக்காக இஷ்டப்படி மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமா? கடையில் விற்கும் காரை மாற்று. மறுபடியும் 2500 கட்டு. அங்கீகாரத்துக்குப் பிறகு திருத்திய வடிவத்தை ராலி வட்டாரத்தில் ‘எவல்யூஷன்’ என்பார்கள். மிட்சுபிஷி அந்தச் சொல்லையே காரின் முதுகில் ஒட்டிவிட்டது.

குரூப் ஏ-க்கு மிட்சுபிஷி முதலில் கொண்டுவந்தது கேலன்ட் விஆர்-4. இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின், நான்குசக்கர இழுவை. 1989இல் பின்லாந்தின் ஆயிரம் ஏரிகள் ராலியை மிக்கேல் எரிக்சனும், பிரிட்டனின் ஆர்ஏசி ராலியைப் பென்ட்டி ஐரிக்காலாவும் அதில் ஜெயித்தார்கள். 1991இல் ஐவரி கோஸ்ட்டில் கென்ஜிரோ ஷினொசுகா ஜெயித்து, உலக ராலியில் வென்ற முதல் ஜப்பானியர் ஆனார். மொத்தம் ஆறு வெற்றி. ஆனால் கேலன்ட் பெரிய கார். நெருக்கமான மலைச்சாலையில் லான்சியா டெல்டாவின் பின்னால் அதைத் திருப்பி நிறுத்துவது பெரும்பாடு. தீர்வு எளிமையானது: கேலன்டின் எஞ்சினையும் நான்குசக்கர இழுவையையும் பிடுங்கி, தம்பியான லான்சரின் உடலுக்குள் வை. எவோ 1 பிறந்தது அப்படித்தான்.

முதலில் திட்டமிட்ட 2500 கார் சில நாட்களிலேயே விற்றுப்போனது. அதில் ஆர்எஸ் என்று ஒரு வகை. பவர் விண்டோ, ஏசி போன்ற சொகுசு எதுவும் இல்லாமல் கிட்டத்தட்ட 70 கிலோ எடை குறைத்து, வாங்கியவர் நேரே ராலிக் கூண்டு கட்டிக்கொள்ளட்டும் என்று விற்ற கார். அது யாருக்காகக் கட்டப்பட்டது என்பதில் கம்பெனிக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ராலியில் பட்ட அடி, கடையில் வந்த மாற்றம்

1993 மான்டி கார்லோவில் எவோ 1 அறிமுகம். கென்னத் எரிக்சன் நான்காவது வந்தார். வேகம் இருந்தது. ஆனால் வளைவில் முன்பக்கம் வெளியே வழுக்கியது. சரி, 1994 ஜனவரியில் எவோ 2 வந்தது. முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தைக் கொஞ்சம் நீட்டி, சக்கரங்களை அகலமாக வைத்து, சஸ்பென்ஷனைத் திருத்தியிருந்தார்கள். அடுத்தது வெப்பம். 1995 ஜனவரியில் வந்த எவோ 3இன் முன் பம்பரைப் பாருங்கள்: வாய் பிளந்த மாதிரி பெரிய திறப்புகள். ரேடியேட்டருக்கும், டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் காற்று வேண்டும். பின்னால் பெரிய இறக்கை வேண்டும். டர்போவும் மாற வேண்டும். ஜப்பானில் அதை வாங்கி ஆபீசுக்கு ஓட்டிப்போனவருக்கு அந்தத் திறப்புகளால் ஒரு பயனும் இல்லை. ஆப்பிரிக்க வெயிலில் மெதுவாக ஏறும் ராலிக் காருக்கு அது உயிர்.

எவோவை ஒரு பதிவேடு போல வாசிக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். எவோ 4இல் (1996) எஞ்சினை 180 டிகிரி திருப்பி வைத்தார்கள். எடைச் சமநிலை சீரானது, கியர்பாக்ஸில் ஒரு இடைத்தண்டு தேவையில்லாமல் போனது. எவோ 5 (1998) அகலமானது: 1690 மில்லிமீட்டரிலிருந்து 1770க்கு. ஜப்பானில் 1700 மில்லிமீட்டரைத் தாண்டினால் கார் ‘சிறு கார்’ என்ற வகையிலிருந்தே வெளியே போய்விடும். ராலியில் அகலமான சக்கரப்பிடி வேண்டும் என்பதற்காக மிட்சுபிஷி அதையும் ஏற்றுக்கொண்டது. எவோ 6இல் (1999) முன்பக்க நம்பர் பிளேட் நடுவிலிருந்து ஒரு ஓரத்துக்குப் போனது. காரணம், நடுவில் இருந்தால் இன்டர்கூலருக்குப் போகும் காற்றை மறைக்கிறது.

இத்தனையிலும் மாறாதது எஞ்சின். 4ஜி63 என்று பெயர். 1997 சிசி, வார்ப்பிரும்பு பிளாக். கேலன்ட் விஆர்-4 முதல் எவோ 9 வரை அதே குடும்பம்தான். இரும்பு என்பதால் எடை அதிகம். ஆனால் டர்போ அழுத்தத்தை ஏற்ற ஏற்றத் தாங்கும். தெருவில் விற்ற எவோ 1இல் 250 குதிரைசக்தி, எவோ 4இல் 280. அதற்கு மேல் விளம்பரத்தில் போடக் கூடாது என்று ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்ததால், எண் அங்கேயே நின்றது.

ராலிக் காரில் இன்னொரு கட்டுப்பாடு. டர்போவுக்குள் காற்று போகும் வாயை 34 மில்லிமீட்டருக்கு மேல் வைக்கக் கூடாது. ரெஸ்ட்ரிக்டர் என்பார்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்வது மாதிரி. எல்லோருக்கும் ஏறக்குறைய 300 குதிரைசக்திதான். டொயோட்டா 1995இல் ஸ்பெயினின் கேட்டலோனியாவில் இந்த ரெஸ்ட்ரிக்டரைச் சுற்றிக் காற்று போகும்படி ஒரு ரகசிய அமைப்பு வைத்துப் பிடிபட்டு, 12 மாதம் தடை வாங்கியது. அவ்வளவு மதிப்பு அந்தக் காற்றுக்கு.

சக்தி எல்லோருக்கும் ஒன்று என்றால், வித்தியாசம் எங்கே? கிடைத்த சக்தியை மண்ணில் இறக்குவதில். நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பங்கிடும் டிஃபரன்ஷியல்களை மின்னணு மூலம் கட்டுப்படுத்துவதில் மிட்சுபிஷி ஆரம்பத்திலேயே கவனம் வைத்தது. பிரேக்கில் கால் வைத்தால் ஒரு மாதிரி, வளைவுக்குள் நுழைந்தால் வேறு மாதிரி, வெளியேறும்போது இன்னொரு மாதிரி. அதன் உறவுக்காரத் தொழில்நுட்பம்தான் எவோ 4இல் தெருவுக்கு வந்தது: பின்சக்கரங்களில் இடது, வலது என்று சக்தியை மாற்றி அனுப்பி, காரை வளைவுக்குள் தள்ளிவிடும் அமைப்பு. அப்புறம் ராலியில் கேட்கும் அந்தப் பட்டாசுச் சத்தம். காலை எடுத்ததும் டர்போ வேகம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, வெளியேற்றுக் குழாய்ப் பக்கம் எரிபொருளை எரித்து டர்போவைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். மறுபடி மிதித்த கணமே சக்தி கிடைக்கும்.

ஏர் ஓட்டியவர்

எவோவின் முதல் உலக ராலி வெற்றி 1995 பிப்ரவரியில், சுவீடன் பனியில். முதலில் எரிக்சன், இரண்டாவது மேக்கினன். அணியின் கட்டளைப்படி மேக்கினன் விட்டுக்கொடுத்த வெற்றி அது; அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது ரகசியமாக இருக்கவில்லை. அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் எரிக்சன் ஜெயித்தார்.

டோமி மேக்கினன் பின்லாந்தில் புப்போலா என்ற சிற்றூரின் விவசாயக் குடும்பத்தில் 1964இல் பிறந்தவர். ராலிக்கு வருமுன் டிராக்டரில் ஏர் ஓட்டும் போட்டிகளில் தேசிய அளவில் ஜெயித்தவர். நேர்கோட்டில், ஒரே ஆழத்தில் உழுவதற்குத் தரும் பரிசு அது. மண்ணின் பிடியை உட்கார்ந்த இடத்திலிருந்தே உணர்கிற திறமை அங்கிருந்து வந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் ஓட்டுவதைப் பார்த்தால் அப்படித்தான் நம்பத் தோன்றுகிறது.

1996இல் உலகப் போட்டி ஒன்பது ராலி. மேக்கினன் ஐந்தை ஜெயித்தார்: சுவீடன், சஃபாரி, அர்ஜென்டினா, பின்லாந்து, ஆஸ்திரேலியா. பனி, சேறு, மலை, காடு, உருளைக்கல். 123 புள்ளி, இரண்டாவது வந்த, சுபாரு ஓட்டிய காலின் மெக்ரேவுக்கு 92. டொயோட்டா தடையில் இருந்ததால் போட்டி குறைவு என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அடுத்த மூன்று ஆண்டில் நடந்தது அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது.

எல்லோரும் போன வழியில் போகாதது

1997இல் விதி மாறியது. குரூப் ஏ-யின் செலவைத் தாங்க முடியாத கம்பெனிகள் ராலிக்கு வராமல் போய்விடுமோ என்ற பயத்தில், டபிள்யூஆர்சி கார் (வேர்ல்ட் ராலி கார்) என்ற புதிய வகையை அனுமதித்தார்கள். இனி டர்போவும் நான்குசக்கர இழுவையும் உள்ள காரை ஆயிரக்கணக்கில் விற்கத் தேவையில்லை. ஏதோ ஒரு சாதாரணக் காரை நிறைய விற்றால் போதும். அதன் மேல் டர்போ, நான்குசக்கர இழுவை, அகலமான உடல், புதிய சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஏற்றி, வெறும் 20 காருக்கான பாகங்களைக் காட்டினால் போதும்.

சுபாரு மாறியது. ஃபோர்டு மாறியது. தடை முடிந்து திரும்பிய டொயோட்டா கரோலாவை அப்படித்தான் கட்டியது. மிட்சுபிஷி மட்டும் குரூப் ஏ-யிலேயே நின்றது.

பிடிவாதம் என்று தோன்றலாம். கணக்கு வேறு. அவர்களிடம் ஏற்கெனவே இந்த விதிக்காகவே கட்டிய கார் இருந்தது, அதை வரிசையில் நின்று வாங்கும் கூட்டமும் இருந்தது. ராலியில் ஓடுவதும் கடையில் நிற்பதும் ஒரே கார் என்று சொல்ல முடிவதுதான் அவர்களுடைய மொத்த வியாபாரம். டபிள்யூஆர்சிக்கு மாறினால் அந்த உறவு அறுந்துவிடும். இன்னொன்று, நான்கு ஆண்டாக எவோவையே படித்துப் படித்து, அதில் எந்தப் போல்ட் எப்போது தளரும் என்பதுவரை தெரிந்த அணி அது. சுதந்திரம் கிடைத்தவர்கள் எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தபோது, இவர்கள் பழைய பாடத்தையே இன்னும் ஆழமாகப் படித்தார்கள். கட்டுப்பாடு ஒரு பலமாக மாறியது என்பது என் வாசிப்பு. நேர்மையாக இதையும் சொல்ல வேண்டும்: பிற்காலத்தில் எவோவுக்குச் சில விலக்குகள் கிடைத்தன. கடைசிக் காலத்து எவோ 6, அச்சு அசல் குரூப் ஏ கார் என்று சொல்ல முடியாது.

1997இன் முதல் மூன்று ராலியையும் சுபாருவின் புதிய கார் வென்றது. மேக்கினன் போர்ச்சுகல், கேட்டலோனியா, அர்ஜென்டினா, பின்லாந்தில் திருப்பி அடித்தார். கேட்டலோனியா தார்ச்சாலை ராலி. மண்ணில் மட்டுமே வேகம் என்று நினைத்த கார் தாரிலும் ஜெயித்தது. கடைசி ராலியான பிரிட்டனில் மெக்ரே ஜெயிக்க, மேக்கினன் ஆறாவது வந்து ஒரே ஒரு புள்ளி எடுத்தார். அந்த ஒரு புள்ளிதான் வித்தியாசம்: 63, 62.

இனி 1998. பட்டப் போட்டி மறுபடி பிரிட்டனில் முடிந்தது, இந்த முறை டொயோட்டாவின் கார்லோஸ் சைன்ஸுடன். முதல் நாள், மில்புரூக் என்ற கார் சோதனைத் தடத்தில் ஒரு ஸ்டேஜ். முன்னால் ஓடிய பழைய கார் ஒன்று சிந்திய எண்ணெய் சாலையில் கிடந்தது. மேக்கினன் வழுக்கிப் போய்க் கான்கிரீட் தடுப்பில் மோத, பின்சக்கரம் ஒன்று பிய்ந்துபோனது. மூன்று சக்கரத்தோடு ஸ்டேஜை முடித்து, பொதுச் சாலையிலும் அப்படியே ஓட்டிப்போனார். போலீஸ் நிறுத்தியது. அவ்வளவுதான், போட்டியை விட்டு வெளியே.

சைன்ஸுக்கு நான்காம் இடம் போதும். இரண்டு நாள் பொறுமையாக ஓட்டி அந்த இடத்தில்தான் இருந்தார். கடைசி ஸ்டேஜ் வேல்ஸில், மார்கம் காட்டில். முடியும் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது கரோலாவின் எஞ்சின் போய்விட்டது. கோ-டிரைவர் லூயிஸ் மோயா தன் ஹெல்மெட்டைக் காரின் பின்கண்ணாடியில் எறிந்து உடைத்த காட்சியை ராலி ரசிகர்கள் யாரும் மறக்கவில்லை. தோற்றுவிட்டோம் என்று ஒதுங்கியிருந்த மேக்கினன் 58க்கு 56 என்ற கணக்கில் சாம்பியன்.

அதிர்ஷ்டம்தானே என்பவர்கள் அந்த ஆண்டு அவர் ஐந்து ராலி ஜெயித்திருந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதே பிரிட்டன் ராலியை ஜெயித்தது இன்னொரு எவோ, ஓட்டியவர் ரிச்சர்ட் பர்ன்ஸ். அந்த ஆண்டு சஃபாரியையும் அவர்தான் ஜெயித்திருந்தார். இருவருடைய புள்ளியும் சேர்ந்து, கம்பெனிகளுக்கான உலகப் பட்டம் 91க்கு 85 என்று டொயோட்டாவைத் தாண்டி மிட்சுபிஷிக்கு வந்தது. அந்தப் பட்டத்தை மிட்சுபிஷி வென்ற ஒரே ஆண்டு அதுதான். 1999இல் மான்டி கார்லோ, சுவீடன், நியூசிலாந்து, சான்ரெமோ வெற்றிகளோடு மேக்கினனுக்கு நான்காவது பட்டம். தொடர்ந்து நான்கு முறை என்பதை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. மிட்சுபிஷி அவர் பெயரிலேயே எவோ 6இன் ஒரு சிறப்புப் பதிப்பை வெளியிட்டது.

விட்ட பிறகு

2001 ஜூலை வரை பழைய கார் இன்னும் ஜெயித்துக்கொண்டிருந்தது: மான்டி கார்லோ, போர்ச்சுகல், சஃபாரி. மேக்கினன் பட்டப் போட்டியில் முன்னணியில் இருந்தார். அக்டோபரில் சான்ரெமோவில் மிட்சுபிஷி ஒருவழியாகத் தன் முதல் டபிள்யூஆர்சி காரை இறக்கியது. மீதி நான்கு ராலியில் மேக்கினனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. கோர்சிகாவில் கார் மலை விளிம்பில் மோதி, கோ-டிரைவர் ரிஸ்டோ மன்னிசென்மாக்கியின் முதுகில் காயம். ஆண்டின் இறுதிக் கணக்கு: பர்ன்ஸ் 44, மெக்ரே 42, மேக்கினன் 41. பர்ன்ஸ் அப்போது சுபாருவில் இருந்தார். மேக்கினனும் அடுத்த ஆண்டு அங்கேயே போய்விட்டார்.

புதிய காரைப் பருவத்தின் நடுவில், போதிய சோதனை இல்லாமல் இறக்கியதற்கு விலை கொடுத்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் 2002 முழுக்க ஓட்டியும் அது தேறவில்லை. 2003இல் விலகி, 2004இல் புதுக் காரோடு திரும்பினார்கள். அதற்குள் மிட்சுபிஷி மோட்டார்ஸே தள்ளாடிக்கொண்டிருந்தது. கார்களின் குறைகளை மறைத்த விவகாரம் 2000இல் வெளியே வந்திருந்தது. பங்குதாரரான டெய்ம்லர்கிரைஸ்லர் 2004இல் மேற்கொண்டு பணம் தர மறுத்தது. 2005இல் அணியின் ஓட்டுநர் ஹாரி ரோவன்பெரா ஆஸ்திரேலியாவில் இரண்டாவது வந்தார், கார் தேறி வருகிறது என்று நம்பிக்கை வந்த நேரம். டிசம்பரில் கம்பெனி ராலி அணியை மூடிவிட்டது. எவோ பெயரில் மொத்தம் 26 உலக ராலி வெற்றி. அதில் 22 மேக்கினனுடையது. அத்தனையும் குரூப் ஏ பரம்பரையைச் சேர்ந்தவை.

ஆனால் அந்த விதி விட்டுச்சென்ற இன்னொரு பலன் தொழிற்சாலை அணிக்கு வெளியே இருந்தது. குரூப் என் என்ற பிரிவில் கடையில் வாங்கிய காரைக் கிட்டத்தட்ட அப்படியே ஓட்ட வேண்டும். ஆர்எஸ் எவோ அதற்கென்றே செய்தது போல் இருந்தது. 1995 முதல் 2001 வரை ஏழு ஆண்டும் அந்த உலகப் பட்டம் எவோவுக்கே. அதில் 1996 முதல் 1999 வரை நான்கு உருகுவே நாட்டின் குஸ்தாவோ ட்ரெயெஸுடையது. 2002இல் வென்ற மலேசியாவின் கரம்ஜித் சிங் ஓட்டியது மலேசியக் கம்பெனியான புரோட்டானின் பெர்ட். பெயர்தான் புரோட்டான், உள்ளே இருந்தது எவோவின் இயந்திரம். நைரோபியில் ஒரு சீக்கியர் தொடங்கிய வரிசையில் மலேசியாவிலிருந்து இன்னொரு சீக்கியர் வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்புதான். தொழிற்சாலை அணியோ கோடிகளோ இல்லாத ஒருவர், வாங்கக் கிடைக்கும் காரை வைத்து உலகப் பட்டம் வெல்ல முடிந்தது.

நம் ஊருக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் தொழிற்சாலையில் கட்டத் தொடங்கிய லான்சர், எவோ 4 முதல் 6 வரை எந்த உடலில் கட்டப்பட்டதோ அதே தலைமுறை. ஆனால் முன்சக்கர இழுவை, தொடக்கத்தில் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் அல்லது இரண்டு லிட்டர் டீசல், டர்போ பெட்ரோல் என்ற பேச்சே இல்லை. பின்னால் வந்த அடுத்த லான்சரான செடியா, எவோ 7, 8, 9இன் தலைமுறை. இந்திய ராலிகளில் செடியா பல ஆண்டு ஓடியது. சென்னைச் சாலையில் ஒரு வெள்ளை லான்சரைப் பார்த்து மேக்கினனை நினைத்துக்கொண்டவர்கள் முழுக்கத் தப்புக் கணக்குப் போடவில்லை.

எவோ 10 அலுமினிய எஞ்சினோடு 2007இல் வந்தது. அதற்கென்று தொழிற்சாலை ராலி அணி எதுவும் இல்லை. 2015இல் ஜப்பானில் ஆயிரம் கார் கொண்ட கடைசிப் பதிப்போடு பெயர் நின்றுபோனது.

மேக்கினன் வேறு இடத்தில் திரும்பி வந்தார். 2017இல் டொயோட்டா உலக ராலிக்குத் திரும்பியபோது அணித் தலைவர் அவர்தான். ராலிக் காருக்கு அடித்தளமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே மூன்று கதவு, டர்போ, நான்குசக்கர இழுவையோடு ஒரு தெருக் காரை டொயோட்டா அவருடைய அணியோடு சேர்ந்து உருவாக்கியது. 2020இல் விற்பனைக்கு வந்த அந்த ஜிஆர் யாரிஸ், எவோ 1 பிறந்த அதே வழியில் பிறந்த கார். ஆனால் அதை வைத்துக் கட்டவிருந்த உச்சப் பிரிவு ராலிக் காரைத் தொற்றுநோய்க் காலத்தில் கைவிட்டார்கள். 2022இல் வந்த புதிய விதியின் உச்சப் பிரிவுக் கார்களுக்குத் தெருக் காரின் உடலே தேவைப்படவில்லை. ஜிஆர் யாரிஸை அடித்தளமாகக் கொண்ட ராலிக் கார் 2024 ஜனவரியில்தான் மான்டி கார்லோவில் இறங்கியது, ஒரு படி கீழே உள்ள ராலி2 பிரிவில். அந்தப் பிரிவில் இன்னும் கார் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.